முனகாமல் இருந்த நாற்பது நாள்

முனகுவதில் நான் பேர் போனவள். எனக்குத் தலைவலி என்றால் தெருவுக்கே தெரியும். முழங்கால் குடைந்தால் பால்காரனிடம்கூடச் சொல்லுவேன். என் வீட்டுக்காரர் திருத்தணி ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, "இன்னிக்கு இன்னா நோவு ஞானம்? இப்பவே சொல்ட்டா சாயங்காலம் புதுசா எதனா கேக்கலாம்" என்று கேலி செய்துவிட்டுத்தான் போவார். அப்படிப்பட்டவள், உயிருக்கே உலை வைக்கிற நோய் வந்தபோது மட்டும் நாற்பது நாள் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்தது எனக்கு. என்னால் இன்னொரு வீட்டுக்கும் வந்துவிட்டதா என்பதுதான் இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. பேனா பிடிக்க டாக்டரம்மா இந்த வாரம்தான் அனுமதி கொடுத்தார், ஒரு நாளைக்கு அரைமணி நேரம். அந்த அரைமணியில் எழுதுகிறேன்.

திருத்தணியில் கத்தோலிக்கர் என்று ஐந்து வீடுதான். ஊர் முருகனுடையது. கிருத்திகை வந்தால் ரயிலிலிருந்து இறங்குகிற காவடிக் கூட்டத்தில் எங்கள் வீட்டு வாசலே மறைந்துபோகும். மாதா கோயிலில் பூசை காண அரக்கோணத்துக்குப் போக வேண்டும். பங்குச் சாமியார் எங்கள் ஊருக்கு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. அதனால் வியாழக்கிழமை தோறும் ஐந்து வீட்டுக்காரர்களும் ரோசம்மா வீட்டில் கூடி ஜெபம் செய்வோம். யுத்த காலம், மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுவோம்.

ரோசம்மா என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள் புருஷன் ரயில் இஞ்சினில் கரி தள்ளுகிறவர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஒரே பெண் செசிலி, ஐந்து வயது.

முதலில் ஜெபமாலை. அது முடிந்ததும் 'மனசு திறக்கிறது' என்று நாங்களாக ஒரு வழக்கம் வைத்திருந்தோம். அந்த வாரம் ஆண்டவரை விட்டு எங்கே விலகினோம், எங்கே கிட்டே போனோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். மாமியாரோடு சண்டை, ஆபீசில் சொன்ன பொய், பூசையில் தூங்கி விழுந்தது, எல்லாம் வரும். யாரும் புத்தி சொல்லக் கூடாது. கேட்டது வெளியே போகக் கூடாது. கடைசியில் சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தைக் கைமாற்றி ஆளுக்கு ஆள் உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டு எழுந்திருப்போம். சின்னவர்களும்தான்.

அந்தக் கூட்டத்துக்குப் போவதற்கு முன்னால் என் ஜெபம் எல்லாம் கேட்கிற ஜெபம். அதைக் கொடு, இதைக் கொடு, முக்கியமாக ஒரு பிள்ளையைக் கொடு. பதினாறு வருஷமாகக் கேட்டும் கொடுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை என் முறை வந்தபோது, "ரோசம்மா கொழந்தயப் பாத்தா எனக்கு வயிறு எரியுது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்னதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ரோசம்மா எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் ஜெபம் தொடங்கும் முன்னால் செசிலியைத் தூக்கிவந்து அவளே என் மடியில் உட்கார வைத்தாள். அன்றிலிருந்து வியாழக்கிழமைகளில் அந்தக் குழந்தைக்கு என் மடிதான் இடம். என் டம்ளரில் நான் மிச்சம் வைக்கிற காப்பிக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். பொறாமை எப்போது போயிற்று என்றுகூட எனக்குத் தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்குகிற அன்று, யார் எதைத் துறப்பது என்று எங்கள் கூட்டத்தில் ஒறுத்தலுக்குச் சீட்டு எடுப்போம். சாமியார் எழுதி அனுப்பின சீட்டுகளை பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அதில் எழுதியிருப்பதை உயிர்த்த ஞாயிறு வரை கடைப்பிடிக்க வேண்டும், என்ன வந்தது என்று யாரிடமும் சொல்லக் கூடாது. சிலருக்கு 'காப்பியில் சர்க்கரை தவிர்த்தல்' என்று வரும். ரேஷனில் சர்க்கரையே கண்ணில் படாத வருஷத்தில் அது அதிர்ஷ்டச் சீட்டு. எனக்கு வந்தது, 'உடல் நோவைப் பற்றி முறையிடாதிருத்தல்.' படித்ததும் சிரித்துவிட்டேன். ஆண்டவரே என் வாயைக் குறிபார்த்து எழுதின மாதிரி இருந்தது.

இரண்டாவது வாரத்தில் இருமல் வந்தது. வறட்டு இருமல். சாயங்காலமானால் உடம்பு கதகதக்கும், விடியும்போது ரவிக்கை வேர்வையில் நனைந்திருக்கும். முதுகில் ஒரு பக்கம் மூச்சு இழுத்தால் குத்தும். வேறு நாளாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். சீட்டை நினைத்துப் பல்லைக் கடித்தேன். என் வீட்டுக்காரர், "இன்னா, இந்த வருசம் ஒரு நோவும் காணமே" என்று ஆச்சரியப்பட்டார். இளைத்துப்போனதைத் தபசின் பலன் என்று கூட்டத்தில் மெச்சினார்கள். கூட்டத்தில் இருந்த சவரிமுத்து, டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். ஒருநாள் என்னை உற்றுப் பார்த்து, "இன்னாங்கம்மா, இருமல் வுடாது போல கீதே?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க, புழுதி" என்றேன். கைக்கெட்டும் தூரத்தில் மருந்தறிந்த மனுஷன் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக அன்று மனசு திறக்கிற நேரத்தில், "இந்த வாரம் என் ஒறுத்தல நல்லபடியா காப்பாத்தினேன்" என்று சொன்னேன். பெருமையை அப்படித்தான் பூசி மெழுகினேன்.

ஐந்தாவது வாரம், புதன்கிழமை காலை, துப்பின சளியில் சிவப்பாக ஒரு நூல். எனக்கு அது என்ன என்று தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய். என் கொழுந்தனார் அதில்தான் செத்தார். சாகும்வரை அவருக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு. அவர் இருந்த வீட்டுப் பக்கம் தயிர்க்காரிகூட வரமாட்டாள். நான் சாம்பலைப் போட்டுச் சளியை மூடினேன். இன்னும் பத்து நாள்தானே, ஒறுத்தலை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒறுத்தல் பாதி, பயம் பாதி. இல்லை, பயம்தான் முக்கால்.

அதற்குப் பிறகு இரண்டு வியாழக்கிழமை வந்தது. இரண்டு நாளும் போனேன். செசிலியை மடியில் வைத்துக்கொண்டேன். இருமல் வந்தபோது முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டேன். சுரூபத்தை முத்தி செய்து அவள் கையில் கொடுத்தேன், அவளும் முத்தி செய்தாள். மிச்சக் காப்பியும் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

உயிர்த்த ஞாயிறு காலை, பூசை முடிந்து அரக்கோணம் பிளாட்பாரத்தில் நிற்கும்போது இருமினேன். இந்தத் தடவை நூல் இல்லை, வாய் நிறைய ரத்தம். புதுப் புடவையெல்லாம் பாழ். என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார், அதைத் திரும்ப உள்ளே வைத்துவிடலாம் என்பது போல.

பட்டணத்துக்கு வெளியே, காசநோய்க்கென்றே கட்டின ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டுவந்தார்கள். முதல் நாள் முழுக்க ஒரு நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களைப் போல முப்பது நாற்பது பேர். யாராவது ஒருவர் இருமினால் மற்றவர்களும் இருமுவார்கள். எடை பார்த்தார்கள். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் ஏற்றிப் பூதக்கண்ணாடியில் கிருமியைத் தேடினார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி, சில்லென்ற ஒரு பலகையில் நெஞ்சை ஒட்டவைத்து எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டாக்டரம்மா அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இடது நுரையீரலின் மேல்பாகத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்கே ஒரு பொந்து விழுந்திருக்கு. எத்தனை நாளா இருமல்?" என்று கேட்டார்.

"ஒண்ணர மாசமாங்க."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இத்தனை நாள் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை. பெஞ்சிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இந்த நோய்க்கு மருந்தென்று பெரிதாக ஒன்றும் கிடையாது. படுக்கை, முட்டை, பால், மீனெண்ணெய், திறந்த ஜன்னல். என்னைப் போன்றவர்களுக்கு ஊசியில் காற்று ஏற்றுவார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே நீள ஊசியை விட்டு, நுரையீரலைச் சுற்றிக் காற்றை அடைப்பார்கள். அந்தக் காற்று அழுத்தி நுரையீரல் சுருங்கிக் கிடக்கும். ஒடிந்த கைக்குக் கட்டுப் போட்டு அசையாமல் வைப்பது போலத்தான். வாரம் ஒருமுறை ஏற்ற வேண்டும். ஊசி உள்ளே போகும்போது நொறுக்கென்று ஒரு சத்தம் நம் உடம்புக்குள்ளேயே கேட்கும். பழகிவிடும் என்றார்கள். ஐந்து மாதமாகியும் எனக்குப் பழகவில்லை.

பக்கத்துக் கட்டில்காரி சுப்பம்மா. பள்ளிப்பட்டுப் பக்கம் நிலம் நீச்சு உள்ளவள், வாய் பாதி தமிழ் பாதி தெலுங்கு. முனகுவதில் எனக்குக் குருவாக இருக்கத் தக்கவள். கஞ்சி ஆறிப்போச்சு, முதுகு காந்துது, நெஞ்சு படபடங்குது என்று நாள் முழுக்க நர்ஸம்மாவைக் கூப்பிடுவாள். ஒருநாள் அப்படிக் கூப்பிட்டபோது நர்ஸம்மா நாடி பார்த்து, உடனே டாக்டரம்மாவை ஓடிப்போய் அழைத்துவந்தாள். ஏற்றின காற்று இடம் மாறி இருதயத்தை நெருக்கியிருந்ததாம். இன்னும் ஒரு மணி நேரம் சும்மா இருந்திருந்தால் ஆள் போயிருப்பாளாம். சுப்பம்மா தேறினதும் என் சீட்டுக் கதையைச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நோவுதுன்னு சொல்லத்தானேம்மா சாமி வாயக் குடுத்துது? அத்தயே மூடிக்கினு சாமிக்குப் படையல் வெச்சியா? நல்லா கீது உன் பக்தி."

எனக்குச் சுருக்கென்றது.

என் வீட்டுக்காரர் பதினைந்து நாளுக்கொருமுறை வருவார். நடுவில் ரயிலில் காப்பி விற்கிற வெண்டர் கையில் ஒரு கூடை வரும். எங்கள் கூட்டத்தார் சேர்த்து அனுப்புகிறது. எலுமிச்சம்பழம், கேழ்வரகு மாவு, உமியில் புதைத்த முட்டை. முட்டை ரோசம்மா வீட்டுக் கோழியுடையது. "செசிலி எப்பிடி கீறா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். "நல்லா கீறா, ஓடிக்கினு கீறா" என்பார். ஆடி கழிந்ததும் ஒருநாள் கேட்டேன். "கீறா" என்றார். உடனே காலிக் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

சாமியார் வந்தபோது பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாவமன்னிப்புக் கொடுத்தார். எழுந்திருக்கும்போது லேசாக இருக்கும் என்று நினைத்தேன், லேசாகவில்லை. நான் யாருக்கு முன்னால் மறைத்தேனோ அவர்களிடம் சொல்லவில்லையே. நர்ஸம்மாவைக் கொண்டு ரோசம்மாவுக்குக் கடிதம் எழுதலாம் என்று சொல்லிச் சொல்லி நாளைக் கடத்தினேன்.

ஐந்தாவது மாதம் ரோசம்மாவே வந்தாள். குழந்தையோடு.

சாயங்காலம் நாலு மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள். வராந்தாவில் சாய்வு நாற்காலியில் கிடந்தேன். அவள் தனியாக வந்து எட்ட இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். செசிலிக்குக் கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கி, தினமும் காய்ச்சலாம். கண்டமாலை என்று குழந்தைகள் வார்டில் சேர்த்துவிட்டார்களாம். இதே நோய்தான், நெஞ்சுக்குப் பதில் கழுத்தில் பிடிக்கிறது.

"டாக்டரு கேட்டாரு அக்கா, பச்சப் பால் குடுத்தியான்னு. குடுத்தேனே! காய்ச்சினா சத்து பூடும்னு யாரோ சொன்னாங்கன்னு கறந்த சூட்டோட குடுத்தேனே. மாட்டுக்குச் சீக்கு இருந்தா பால்ல வருமாம். என் கையால நானே ஊட்டிக்கினு இருந்திருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த நிமிஷம் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. பாலால் வந்தது, என்னால் இல்லை. "அடிச்சிக்காதடி" என்று மட்டும் சொன்னேன். அவள் அழுது முடித்து, "நீ பத்தரமா இரு அக்கா, சீக்கிரம் எழுந்து வா" என்று எனக்கு ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பாலாலதானா? இல்ல, நோயாளி ஒருத்தர் பக்கத்தில இருந்ததாலயும் வருமா?"

"ரெண்டாலயும் வரலாம். இருமுற ஆளோட மூச்சு, எச்சில் பட்ட டம்ளர், எல்லாமே ஆபத்துதான். இந்தக் குழந்தைக்கு எதுன்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது" என்றார்.

அவர் போனதும் சுப்பம்மா கட்டிலிலிருந்தே பேசினாள். "எதுன்னு தெரியாதுன்னா ரெண்டையுந்தான சொல்லணும்? பாலு ஒண்ண மட்டும் அந்தப் பொண்ணு தலையில கட்டிட்டு, நீ மறுபடியும் வாய மூடிக்கினு கீற."

எனக்கு அவள்மேல் ஆத்திரம் பொங்கியது. அவள் தண்ணீர் கேட்டபோதுகூட எடுத்துக் கொடுக்காமல் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஆனால் ரோசம்மா தலையில் அடித்துக்கொண்டது கண்ணை விட்டுப் போகவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வந்ததும் சொன்னேன். சீட்டு, இருமல், சிவப்பு நூல், அதற்குப் பிறகு வந்த இரண்டு வியாழக்கிழமை. எதையும் விடவில்லை. சவரிமுத்துவிடம் புழுதி என்று சொன்னதையும், ஒறுத்தலைவிடப் பயம்தான் அதிகம் என்பதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. "ரத்தத்தப் பாத்த மறுநாளா?" என்று கேட்டாள்.

"ஆங்."

"அன்னிக்கு அவளுக்குக் காப்பி குடுத்தியே. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"குடுத்தேன்."

"என் கொழந்தயப் பாத்து வயிறு எரியுதுன்னு நீ சொன்னப்போ நான் பயப்படல அக்கா. சொல்ட்டாளே, மறைக்கலயேன்னு நெனச்சேன். அதுக்காவத்தான் தூக்கியாந்து உன் மடியில வெச்சேன்." எழுந்து நின்றாள். "அதே எடத்துல உக்காந்து இத்த மறைச்சிட்டியே."

போய்விட்டாள். குழந்தைகள் வார்டு மரங்களுக்கு அந்தப் பக்கம், ஐம்பதடி தூரம். அவள் அங்கே துணி உலர்த்துவதும் தண்ணீர் எடுத்துப் போவதும் என் நாற்காலியிலிருந்து தெரியும். ஒருமுறைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. செசிலிக்குக் கட்டி உடைந்தது என்றும், காய்ச்சல் விடவில்லை என்றும் நர்ஸம்மா சொல்லித்தான் கேட்டேன். ஒரு வியாழக்கிழமை போயிற்று. எனக்குக் காய்ச்சல் ஏறிற்று, எடை இறங்கிற்று. வெண்டர் கையில் வந்த கூடையைத் திறக்கப் பிடிக்கவில்லை. ஜெபமாலையைக் கையில் எடுத்தால் முதல் மணியைத் தாண்ட முடியவில்லை. தனியாகச் சொல்லி எனக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

போன வியாழக்கிழமை மழை. பார்வையாளர்கள் நேரம் முடியப்போகிற சமயம் ரோசம்மா வந்தாள். முக்காடு நனைந்திருந்தது. கிட்டே வரவில்லை, கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வர்ல" என்றாள். "போன வியாழக்கெழம ஜெபமால தனியா சொன்னேன். பாதியில நின்னு போச்சி. அதான் வந்தேன்."

ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் சொன்னோம். அவள் பாதி சொல்ல நான் பாதி சொன்னேன். மூச்சு வாங்கியபோது அவள் காத்திருந்தாள். முடிந்ததும் எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் நகரவில்லை.

"சொல்லு" என்றாள். "இந்த வாட்டி எல்லாத்தையும் சொல்லு."

சொன்னேன். ஊசி போட்ட இடம் வலிக்கிறது, முதுகு புண்ணாகிவிட்டது, ராத்திரி மூச்சு முட்டினால் செத்துப்போவேன் என்று பயமாக இருக்கிறது, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எப்படி உயிரோடு இருப்பேன், நான் பிழைத்து அவள் போய்விட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன். அழுகையும் இருமலுமாகச் சொன்னேன். சுப்பம்மா தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்குவது போலக் கிடந்தாள்.

பிறகு ரோசம்மா முறை.

"கொழந்த தூங்கறப்போ உன்ன நெனச்சிக்கினு பல்லக் கடிக்கறேன்" என்றாள். "நீ இருமறது அங்க வரிக்கும் கேக்குது. இன்னும் இருமட்டும்னு ஒருநாள் நெனச்சேன். நெனச்சிட்டு அழுதேன். அவளுக்கு நேத்து காய்ச்சல் கொறஞ்சிது. இன்னிக்கு மறுபடி ஏறிக்கிச்சு. அவ்ளோதான்."

மணி அடித்தது. அவள் முக்காட்டைப் பிழிந்து போட்டுக்கொண்டு கதவு வரைக்கும் போனாள். அங்கேயே நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அடுத்த வியாழக்கெழம வரேன். கோவம் போச்சின்னா போச்சின்னு சொல்றேன். போவலன்னா அத்தையும் சொல்றேன்."

"ஆங், வா" என்றேன்.

இன்றைக்குப் புதன்கிழமை.